ஐரிஷ் ரயிலுக்கு எந்தத் தண்டவாளம்? – வாசகர் கேள்வி பதில்

அயர்லாந்தின் பழைய ரயில்களை மாடலாகச் செய்ய நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மாடல் ரயில் எனக்குப் புதிது. வேலைக்காக டப்ளினுக்கு வந்தபின் ஐரிஷ் ரயில்கள்மேல் ஆசை பிடித்துவிட்டது. முதலில் எந்த என்ஜினை வாங்கலாம்?

என்ஜினைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் ஓர் ஊரும் ஓர் ஆண்டும் முடிவாக வேண்டும். அயர்லாந்தில் ரயில் கம்பெனிகள் பலமுறை கைமாறின. வடக்கு அயர்லாந்து எல்லைக்குத் தெற்கே மட்டும் ஓடியவை 1925இல் கிரேட் சதர்ன் ரயில்வேஸ் என்று ஒன்றாயின. 1945இல் அது சிஐஇ என்ற போக்குவரத்துக் கம்பெனி ஆனது. எல்லையின் இரு பக்கமும் ஓடிய கிரேட் நார்தர்ன் 1958 வரை தனியாக நின்று, பிறகு வடக்குக்கும் தெற்குக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. ஒரே ஸ்டேஷனை 1935, 1955, 1965 என்று மூன்று காலத்தில் எடுத்தால் என்ஜின், பெட்டி, பெயர்ப்பலகை, நிறம் எல்லாமே வேறு.

ஆண்டை முடிவு செய்யாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். வெஸ்ட் கார்க் கிளைப் பாதைகள் 1961இல் மூடப்பட்டன. 141 வகை டீசல் என்ஜின் அயர்லாந்துக்கு வந்ததே 1962இல்தான். கடல் ஓரத்தில் அழகான வெஸ்ட் கார்க் ஸ்டேஷன் கட்டி அதில் 141ஐ நிறுத்தினால், இல்லாத பாதையில் பிறக்காத என்ஜின் நிற்கிறது. உங்கள் வீடு, உங்கள் ரயில் என்றால் சரிதான். ஆனால் இது தெரிந்து செய்வதாக இருக்க வேண்டும், தெரியாமல் நடந்ததாக இருக்கக் கூடாது.

எங்கள் பரிந்துரை 1958 அல்லது அதற்கு ஓரிரு ஆண்டு முன்பின். மெட்ரோபாலிடன்-விக்கர்ஸ் செய்த 60 ‘ஏ’ வகை டீசல் என்ஜின்கள் 1955–56இல் வந்துவிட்டன. சிஐஇயில் நீராவி 1963 வரை ஓடியது. டீசலும் நீராவியும் ஒரே யார்டில் நிற்கும் காலம் இது. நீராவிக்கு ஜே15 என்று பின்னாளில் அழைக்கப்பட்ட 101 வகை போதும். 1866 முதல் 1903 வரை 111 என்ஜின்கள் கட்டினார்கள், அயர்லாந்தில் இதைவிட எண்ணிக்கை மிகுந்த நீராவி வகை கிடையாது. பயணிகள் வண்டி, சரக்கு வண்டி, கிளைப் பாதை எதிலும் பொருந்தும். நீராவியே வேண்டாம், கடையில் வாங்கி உடனே ஓட்ட வேண்டும் என்பவர்கள் 1965–75ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துக்குத்தான் தயார் மாடல்கள் அதிகம்.

கேள்வி: அயர்லாந்து ரயில்பாதை 1600 மிமீ அகலம். கடையில் கிடைக்கும் 16.5 மிமீ தண்டவாளம் அதற்குச் சரியா? 21 மிமீ என்று சிலர் சொல்கிறார்களே?

இந்தப் பொழுதுபோக்கில் மிக நீளமாக வாதாடப்படும் கேள்வி இது. கதை 1834இல் தொடங்குகிறது. டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை அன்று 4 அடி 8½ அங்குலத்தில் போடப்பட்டது. பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம் போட்டது. டப்ளின்–ட்ரோஹெடா கம்பெனி 5 அடி 2 அங்குலம் போட்டது. மூன்றும் சந்தித்தால் என்ன ஆகும் என்ற கவலையில் 5 அடி 3 அங்குலம் பொது அளவாக முடிவானது. 1846 சட்டம் அதை உறுதி செய்தது.

ஐரிஷ் மாடல்களில் பெரும்பாலானவை ஓஓ, அதாவது 1:76 அளவு. ஓர் அடிக்கு 4 மிமீ. 5 அடி 3 அங்குலத்தை அதில் மாற்றினால் சரியாக 21 மிமீ வரும். கடையில் இருக்கும் தண்டவாளமோ 16.5 மிமீ. அதை நிஜ அளவுக்குத் திருப்பினால் 4 அடி 1½ அங்குலம்தான், 13½ அங்குலம் குறைவு. பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. வண்டி உங்களை நோக்கி வரும்போது தெரியும்: அகலமான உடம்பு, ஒட்டி வைத்த கால்கள். எச்ஓ (1:87) அளவில் இந்திய அகலப்பாதை மாடல்களை 16.5 மிமீயில் ஓட்டும் நம் வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 1676 மிமீக்கு அங்கே 19.2 மிமீ வேண்டும்.

21 மிமீக்குப் போனால் என்ன வேலை கூடும்? தண்டவாளத்தையும், பாதை பிரியும் இடமான பாயின்ட்டையும் நீங்களே செய்ய வேண்டும். செம்பு பூசிய சர்க்யூட் போர்டுப் பட்டைகளை 36 மிமீ நீளத்துக்கு வெட்டி ஸ்லீப்பராக வைத்து, 10 மிமீக்கு ஒன்றாக அடுக்கி, தண்டவாளத்தை அதன்மேல் சாலிடர் செய்வது எளிய வழி. மீட்டருக்கு 100 ஸ்லீப்பர். ஒவ்வொன்றின் நடுவிலும் செம்பை மெல்லிய ரம்பத்தால் கீறிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகும். நூறு பட்டையில் ஒன்றை மறந்தாலும் போதும், எது என்று தேடுவதற்குள் ஒரு மாலை போய்விடும். ஆகவே ஐந்து ஸ்லீப்பருக்கு ஒருமுறை மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது சக்கரம். எல்லா வண்டியின் சக்கரங்களையும் மாற்ற வேண்டும். நான்கு சக்கர வேகனில் சக்கரங்கள் வெளியே தள்ளிப் போவதால் அச்சைத் தாங்கும் பக்கச் சட்டத்தில் உரசும். சட்டத்தை அகற்றிப் பொருத்தி, நீளமான அச்சு போட வேண்டும். நீராவி என்ஜினில் சக்கர மூடிகள் தடுக்கும், சேஸியையே புதிதாகச் செய்ய நேரலாம்.

எங்கள் கருத்து: முதல் லேஅவுட்டை 16.5இல் போடுங்கள். அதோடு 300 மிமீ பலகையில் 21 மிமீ தண்டவாளம் ஒன்று செய்து, ஒரு வேகனுக்கு மட்டும் சக்கரம் மாற்றி நிறுத்திப் பாருங்கள். அந்த வேலை பிடித்திருந்தால் இரண்டாவது லேஅவுட் 21. பிடிக்காவிட்டால் ஒரு பலகைதான் நஷ்டம்.

16.5இலேயே தோற்றத்தைச் சற்று சரி செய்யலாம். சாதாரண ஃப்ளெக்சி (வளைக்கக்கூடிய) தண்டவாளத்தின் ஸ்லீப்பர்கள் எச்ஓ அளவுக்கு நெருக்கமாக இருக்கும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பை பிளேடால் வெட்டி, ஸ்லீப்பர்களை 10 மிமீக்கு ஒன்றாக நகர்த்துங்கள். ஜல்லி போட்டபின் பாதை அகலமாகத் தெரியும். கண்ணை ஏமாற்றுவதுதான், ஆனால் நன்றாக ஏமாற்றும்.

கேள்வி: அபார்ட்மென்ட் வீடு. ஒன்றரை மீட்டருக்கு மேல் இடமில்லை. வட்டப் பாதை போட முடியாதா?

ஓஓவில் வட்டம் போட, மிகக் குறுகிய 371 மிமீ ஆரத்தில்கூட, கிட்டத்தட்ட 850 மிமீ அகலப் பலகை வேண்டும். ஆறு அச்சு ‘ஏ’ வகை என்ஜின் அந்த வளைவில் நிம்மதியாக ஓடாது. வட்டத்தை மறந்துவிட்டு, வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷன்டிங் யார்டு போடுங்கள். 1400 × 350 மிமீ பலகையில் ‘இங்கில்நுக்’ எனப்படும் மூன்று கிளை யார்டு அழகாக உட்காரும். ஒரு கிளையில் 5 வேகன், மற்ற இரண்டில் 3, 3. முன்னால் என்ஜினும் 3 வேகனும் நிற்க ஒரு தலைப்பாதை. மொத்தம் 8 வேகன். அவற்றில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே வண்டி கோக்க வேண்டும். 6720 விதமான வரிசைகள் வரும், சலிக்காது.

அளவு எப்படி வருகிறது என்று பாருங்கள். நான்கு சக்கர வேகன் கப்ளிங்கோடு சுமார் 85 மிமீ. 141 வகை என்ஜின் 176 மிமீ. ஆகத் தலைப்பாதை 440 மிமீ. சிறிய பாயின்ட் ஒன்று 185 மிமீ, இரண்டுக்கு 370. மூன்று வேகன் கிளைக்கு 255. கூட்டினால் 1065. பக்கத்துக் கிளை வேகன் உரசாமல் நிற்கவும் கடைசியில் தடுப்புக்கட்டை வைக்கவும் மீதி இடம். ‘ஏ’ வகை 204 மிமீ நீளம். அதை ஓட்டுவதானால் தலைப்பாதையை 470 ஆக்குங்கள்.

வாங்க வேண்டியவை: 914 மிமீ ஃப்ளெக்சி தண்டவாளம் 3, சிறிய ஆரப் பாயின்ட் 2 (ஒன்று இடம், ஒன்று வலம், தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனையான ஃப்ராக்கில் மின்சாரம் ஓடும் வகை), உலோக ஜாயினர் ஒரு பாக்கெட், மின்சாரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் ஜாயினர் 4, ஸ்லைடு ஸ்விட்ச் 2, இரண்டு நிற ஒயர், 9 மிமீ பிளைவுட், 20 × 70 மிமீ மரச்சட்டம். குறுக்குச் சட்டத்தை 400 மிமீக்கு ஒன்றாகப் போடுங்கள். பாயின்ட்டின் அசையும் கட்டைக்கு நேர் கீழே சட்டம் வந்துவிடக் கூடாது. முதலில் பாயின்ட் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுப் பிறகு சட்டம் அடியுங்கள், பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து பிறகு மரத்தைக் குடைகிறார்கள்.

மின்சாரம்தான் சின்ன யார்டில் தகராறு செய்யும். பாயின்ட்டின் நாக்கு (அசையும் தண்டவாளம்) பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதை நம்பி மின்சாரம் அனுப்பினால் ஆறு மாதம் ஓடும், பிறகு பெயின்ட்டோ பசையோ அழுக்கோ நடுவில் புகுந்து நின்றுவிடும். ஆகவே தலைப்பாதைக்கும் மூன்று கிளைகளுக்கும் தனித்தனியாக ஒயர் இறக்குங்கள். ஒவ்வொரு பாயின்ட்டிலும் ஃப்ராக்கிலிருந்து வெளியே வரும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். அப்படிப் போட்டதும் இரண்டாவது பாயின்ட்டின் நுழைவாயிலுக்கு ஒரு பக்கம் மின்சாரம் வராது, அதற்கும் ஒரு ஜோடி ஒயர் வேண்டும். பலர் மறப்பது இந்த ஐந்தாவது ஜோடியைத்தான். மொத்தம் 10 ஒயர், ஃப்ராக்குக்கு 2.

ஸ்லைடு ஸ்விட்ச்சைப் பலகைக்கு அடியில் திருகி, கம்பியால் பாயின்ட்டோடு இணைத்தால் ஒரே தள்ளலில் பாயின்ட்டும் மாறும், ஃப்ராக்கின் மின்சாரமும் மாறும். ஸ்விட்ச் நகரும் தூரம் பாயின்ட் நகரும் தூரத்தைவிட அதிகம். கம்பியை நேராக விட்டால் பாயின்ட் நாக்கு பிய்ந்துவிடும். கம்பியின் நடுவில் ‘ப’ வடிவில் ஒரு மடிப்பு வையுங்கள், மிச்சத் தூரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

டிசிசி (என்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே நேரத்தில் ஓர் என்ஜின் ஓடும் யார்டுக்குச் சாதாரண 12 வோல்ட் கன்ட்ரோலர் போதும். சத்தம் போடும் என்ஜின் வேண்டுமென்றால்தான் டிசிசி. அப்போது என்ஜினில் இருப்பது 8 பின் சாக்கெட்டா, 21 பின் சாக்கெட்டா என்று பார்த்துவிட்டு, கட்டளையை வாங்கி என்ஜினை இயக்கும் டிகோடர் வாங்குங்கள்.

கேள்வி: அந்த யார்டுக்கு ஐரிஷ் முகம் எப்படி வரும்? வேகன்களில் என்ன சரக்கு ஏற்றலாம்?

சர்க்கரைக்கிழங்கு (சுகர் பீட்). கார்லோவில் 1926இல் சர்க்கரை ஆலை வந்தது. மாலோ, தேர்லஸ், டூவம் ஆலைகள் 1934இல் வந்தன. இலையுதிர்காலத்தில் நாட்டில் உள்ள திறந்த வேகன் எல்லாம் கிழங்கு சுமக்கப் போய்விடும். கிராமத்து யார்டில் டிராக்டரும் வண்டியும் வரிசை கட்டும். மாடலுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

கிழங்குக்கு நம் அஞ்சறைப்பெட்டியிலேயே பொருள் இருக்கிறது. 1:76இல் சர்க்கரைக்கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு மிமீ, அதாவது கடுகு. வெறும் வாணலியில் வறுத்து எடுங்கள். வறுக்காவிட்டால் பசையின் ஈரத்தில் முளைவிடும். வேகனுக்குள் தெர்மாகோல் துண்டை விளிம்புக்கு 3 மிமீ கீழே வரும்படி நடுவில் மேடாக வெட்டி வைத்து, வெள்ளைப் பசை தடவிக் கடுகைக் கொட்டுங்கள். காய்ந்தபின் மண் கலந்த வெளிர் பழுப்பு நிறத்தை நீர்த்த பதத்தில் பூசுங்கள். கருப்பாகவே விட்டால் நிலக்கரி போலத் தெரியும்.

வேகனில் தொடக்கக்காரர் செய்யும் பெரிய தவறு, அடிச்சட்டத்தைக் கருப்பாக்குவது. பிரிட்டிஷ் மாடல் பழக்கம் அது. சிஐஇ வேகனில் உடம்பும் அடிச்சட்டமும் ஒரே நிறம்: 1970 வாக்கில் வரை சாம்பல், அதன்பின் பழுப்பு. சக்கரத்தையும் பிரேக் பகுதியையும் தூசி நிறத்தில் அழுக்காக்குங்கள், அவ்வளவுதான். சின்னம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சிஐஇ சின்னத்துக்கு ‘பறக்கும் நத்தை’ என்று பட்டப்பெயர். டப்ளின் டிராம், பஸ் கம்பெனியிடமிருந்து வந்தது அது. 1960களின் நடுவில் உடைந்த சக்கரம் போன்ற புதுச் சின்னம் வந்தது. 1958 வேகனில் உடைந்த சக்கரம் ஒட்டாதீர்கள்.

கேள்வி: ‘ஏ’ வகை என்ஜின் ஐந்தாறு நிறங்களில் விற்கிறது. எது எந்தக் காலம்?

1955இல் வந்தபோது வெள்ளி நிறம். பார்க்க அழகு, சில மாதங்களில் அழுக்குப் பிடித்து அசிங்கமானது. அதனால் 1950களின் பின்பகுதியில் பச்சை அடித்தார்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து கருப்பும், கருப்போடு ஆரஞ்சு கலந்த பழுப்பும் வெள்ளைப் பட்டையும். 1972இல் ஆரஞ்சு–கருப்பு ‘சூப்பர்டிரெயின்’. 1987இல் சிஐஇயிலிருந்து ஐரிஷ் ரயில் பிரிந்தபின் அதே ஆரஞ்சில் வெள்ளைக் கோடுகள்.

நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், எண்ணையும் பாருங்கள். முதலில் இவற்றில் இருந்த கிராஸ்லி இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள் தொடர்ந்து பழுதாகின. 1968–71இல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் பொருத்தினார்கள். மாற்றப்பட்டதற்கு எண்ணின் பின்னால் ‘ஆர்’ சேர்ந்தது. 1972இல் எழுத்துகள் போய் 001, 002 என்று மூன்று இலக்க எண் வந்தது. ஆகவே 1958 யார்டுக்கு வெள்ளி அல்லது பச்சை நிறம், ‘ஏ’ முன்னெழுத்து, பின்னால் ‘ஆர்’ இல்லாதது.

1961இல் வந்த 121 வகை அமெரிக்கத் தயாரிப்பு, 15 என்ஜின்கள். சாம்பல்–மஞ்சள் நிறத்தில் வந்தன. ஒரே பக்கம்தான் கேபின். அதனால் முனை ஸ்டேஷனில் திருப்புமேசை வேண்டியிருந்தது. மேலே சொன்ன யார்டில் இதை ஓட்டலாம், கிளைப் பாதை முனையில் திருப்பாமல் ஓட்டினால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

கேள்வி: தயார் மாடலாக என்னென்ன கிடைக்கும்?

மர்ஃபி மாடல்ஸ் 121, 141, 181, 071, 201 வகை டீசல்களையும் கிரேவன்ஸ் பயணிகள் பெட்டியையும் கொண்டுவந்திருக்கிறது. ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் ‘ஏ’ வகையையும், ஜல்லி வேகன், ‘பபிள்’ எனப்படும் சிமென்ட் வேகன் முதலியவற்றையும் செய்திருக்கிறது. இவை ஒரு தொகுதியாக வரும், விற்றுத் தீர்ந்தால் அடுத்த தொகுதிக்குக் காத்திருக்க வேண்டும். பழையதை வாங்கும்போது கப்ளிங், கண்ணாடி, கைப்பிடிக் கம்பிகள் உடையாமல் இருக்கின்றனவா என்று படம் கேட்டுப் பாருங்கள்.

நீராவியில் தயார் மாடல் மிகக் குறைவு. பித்தளைக் கிட்டும் ரெசின் கிட்டும்தான் வழி. வடக்கு அயர்லாந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அங்கே ஓடிய என்சிசி கம்பெனியின் ‘ஜீப்’ எனப்பட்ட டபிள்யூடி வகை 2-6-4 டாங்க் என்ஜின் 1946–50இல் இங்கிலாந்தின் டார்பியில் கட்டப்பட்டது. எல்எம்எஸ் கம்பெனியின் ஃபவுலர் டாங்க் என்ஜினுக்கு அது உறவு. ஹார்ன்பியின் பழைய ஃபவுலர் மாடலை அடிப்படையாக வைத்து மாற்றியவர்கள் உண்டு. மில்லிமீட்டர் பிசகாத மாடல் ஆகாது, நான்கடி தள்ளி நின்று பார்த்தால் ஜீப்தான்.

கேள்வி: என்னிடம் எச்ஓ அளவு வீடுகளும் ஆட்களும் இருக்கின்றன. ஓஓ ஐரிஷ் ரயிலோடு வைக்கலாமா?

வீடுகளைப் பின்னால் தள்ளி வையுங்கள், தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆட்களை வைக்காதீர்கள். 175 செமீ உயர மனிதன் எச்ஓவில் 20 மிமீ, ஓஓவில் 23. கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சின்னப் பையன் போல இருப்பான்.

கேள்வி: வேகன்கள் நேர்ப்பாதையில் ஓடுகின்றன, பாயின்ட்டில் மட்டும் தடம் புரளுகின்றன. பாயின்ட் பழுதா?

பெரும்பாலும் சக்கரம்தான் காரணம். எங்கே புரளுகிறது என்று கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஃப்ராக்கின் மூக்கில் முட்டினால், இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி அதிகம். எதிர்ப்பக்கத்துக் காவல் தண்டவாளத்தில் ஏறிக் குதித்தால், இடைவெளி குறைவு. ஓஓவுக்கு அது 14.5 மிமீ இருக்க வேண்டும். டிஜிட்டல் கேலிப்பரால் அளந்து, சக்கரத்தை அச்சில் முறுக்கியபடி இழுத்தோ தள்ளியோ சரி செய்யுங்கள். நேராக அடித்துத் தள்ளினால் சக்கரம் கோணலாகி ஆடும்.

நாக்கின் நுனியில் புரண்டால், நாக்கு முழுவதும் ஒட்டவில்லை. ஒரு ஜல்லித் துகள் போதும். எங்கும் சொல்லிவைத்தாற்போல் இல்லாமல் புரண்டால், வேகனைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மூலையை விரலால் தட்டுங்கள். ஆடினால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, நான்காவது சக்கரம் காற்றில் நிற்கிறது. கிட் ஒட்டும்போது பசை காயும்வரை கண்ணாடியின்மேல் நிறுத்தி வைத்தால் இது வராது. எடையையும் பாருங்கள், அச்சுக்கு 25 கிராம் என்பது நல்ல கணக்கு. நான்கு சக்கர வேகன் 50 கிராம்.

பழைய மாடல்களில் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும். உயரம் குறைந்த கோட் 75 தண்டவாளத்தில் அந்த விளிம்பு ஸ்லீப்பர் பிடிப்புகளின்மேல் தடதடவென்று ஓடும். சக்கரத்தை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: ஜல்லி ஒட்டினேன், பாயின்ட் அசையவே இல்லை!

பசை நாக்குக்கு அடியில் ஓடிவிட்டது. வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரை மணி ஊறவைத்தால் வெள்ளைப் பசை இளகும், மெல்லிய பிளேடால் எடுத்துவிடலாம். அடுத்த முறை: ஜல்லியைக் காய்ந்த நிலையில் தூவி, மென்மையான பிரஷ்ஷால் ஸ்லீப்பர் மேலிருப்பதைத் தள்ளுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பனி போலத் தெளியுங்கள். இதைச் செய்யாவிட்டால் பசை உருண்டையாகத் திரண்டு ஜல்லியைக் குழி பறிக்கும். பிறகு பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். பாயின்ட்டில் நாக்குப் பகுதியை விட்டுவிட்டு, காயும்வரை அரை மணிக்கு ஒருமுறை நாக்கை அசைத்துக்கொண்டிருங்கள்.

ஒன்று கவனிக்க: கிராமத்து ஐரிஷ் யார்டுக்குப் பளிச்சென்ற புது ஜல்லி பொருந்தாது. சாம்பலும் மண்ணும் புல்லும்தான் இருக்கும். சலித்த அடுப்புச் சாம்பலோ, கரிய மணலோ போட்டு, கிளைகளில் புல்லைத் தண்டவாளம் வரை ஏற விடுங்கள்.

வெயில் ஊர்களில் இருப்பவர்களுக்கு: வெப்பம் 20 டிகிரி கூடினால் 914 மிமீ தண்டவாளம் சுமார் 0.3 மிமீ நீளும். இணைப்புகளில் அரை மிமீ இடைவெளி விடாமல் முட்டவைத்து ஒட்டினால் மே மாதம் பாதை வளைந்துகொள்ளும். குளிர்சாதன அறையில் ஒட்டினால் இன்னும் ஜாக்கிரதை.

கேள்வி: டோனிகல் குறுகிய பாதை ரயில்கார்கள்மேல் ஆசை. அதற்கு எந்த அளவு?

கவுன்டி டோனிகல் ரயில்வேஸ் 3 அடி அகலப் பாதை, 1959 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. வெஸ்ட் கிளேர், ட்ராலி–டிங்கிள், கேவன்–லீட்ரிம் எல்லாம் அதே 3 அடிதான். 4 மிமீ அளவில் இது சரியாக 12 மிமீ. அந்த அகலத்தில் பீக்கோ கம்பெனியின் எச்ஓஎம் (எச்ஓ அளவு மீட்டர்பாதை) தண்டவாளம் தயாராகக் கிடைக்கிறது. அகலப்பாதை ஆசாமிகளுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம்: சரியான அகலம், கடைச் சரக்கு. பலரும் எளிது என்று 9 மிமீக்குப் போகிறார்கள். அதில் பாதை 2 அடி 3 அங்குலம் ஆகிவிடும். டோனிகல் ரயில்கார் பெரிய வண்டி, அதன் அடியில் அது குழந்தை நடைவண்டி போல இருக்கும்.

விகனில் வாக்கர் பிரதர்ஸ் அடிப்பகுதியும், டன்டாக் ஒர்க்ஷாப்பில் உடலும் செய்த ரயில்கார்கள் முதல் முயற்சிக்கு ஏற்றவை. நீராவி என்ஜின் போல இயங்கும் கம்பிகள் வெளியே நிறையத் தெரியாது. பின்பக்கம் பயணிகள் பகுதி நீளமாக இருப்பதால் மோட்டாரை அங்கே வைத்து, சன்னலுக்குக் கீழே மறைக்கலாம். ஒன்று கவனம்: வண்டி நடுவில் மடங்கி வளையும். மடங்கும் இடத்தில் செல்லும் ஒயரை மெல்லிய இழை ஒயராகவும் தளர்வாகவும் விடாவிட்டால், வளைவில் ஒயரே வண்டியைத் தூக்கிவிடும்.

தகவலுக்காக: 7 மிமீ அளவில் 3 அடி என்பது 21 மிமீ. 4 மிமீ அகலப்பாதைக்குச் செய்த தண்டவாள அளவுகோல் அங்கேயும் உதவும். ஸ்லீப்பர் அளவுதான் மாறும்.

கேள்வி: பிளாட்பாரத்தை பிரிட்டிஷ் மாடல் புத்தக அளவில் ஒட்டினேன். பெட்டிகள் உரசுகின்றன.

அகலப்பாதை நாட்டின் பெட்டிகள் அகலமானவை. பல சிஐஇ பெட்டிகள் 10 அடிக்கு மேல், மாடலில் 40 மிமீயைத் தாண்டும். பிரிட்டிஷ் பெட்டி 37 மிமீ சுற்றி. உங்களிடம் உள்ள மிக அகலமான பெட்டியின் நடுவிலும் மூலையிலும் பென்சிலை டேப்பால் ஒட்டி, பாதையில் தள்ளிக் கோடு போடுங்கள். வளைவில் நடுப்பகுதி உள்ளே வரும், மூலை வெளியே போகும். அந்தக் கோட்டிலிருந்து 1 மிமீ தள்ளிப் பிளாட்பார விளிம்பு. இப்போது ஒட்டியதை உடைக்க வேண்டாம், மேல் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் கோடு வரை இழைத்து மறுபடி கல் வரிசை ஒட்டினால் போதும்.

கேள்வி: ஜே15 பித்தளைக் கிட் வாங்கிவிட்டேன். 25 வாட் அயர்னில் சாலிடர் ஒட்டவில்லை.

பித்தளைத் தகடு சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. 50 வாட், பட்டையான நுனி, 145 டிகிரி சாலிடர், திரவ ஃப்ளக்ஸ். இரண்டு பக்கத்தையும் கண்ணாடிநார் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, நுனியை இரண்டு மூன்று வினாடி வைத்து எடுங்கள். வெள்ளை உலோக வார்ப்புகள் கிட்டில் இருந்தால் இந்த அயர்னை அவற்றின் அருகே கொண்டுபோகவே வேண்டாம், குட்டையாக உருகிவிடும். அவற்றுக்கு 70 டிகிரி சாலிடரும் சூடு குறைக்கும் அயர்னும் தனியாக வேண்டும், அல்லது எபாக்சி போதும். ஃப்ளக்ஸ் அமிலத்தை அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், மறுநாள் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். ஓட்டும் சக்கரம் நிஜத்தில் 5 அடி 1¾ அங்குலம், மாடலில் 20.6 மிமீ. கிட்டில் சக்கரம் வராவிட்டால் 20 அல்லது 21 மிமீ வாங்கலாம். 21 போட்டால் சக்கர மூடிக்குள் உரசுகிறதா என்று, உடலை ஒட்டும் முன்பே சுற்றிப் பாருங்கள்.